கிரேடு 5 தியரிக்குப் பதில் மியூசிஷியன்ஷிப் எழுதலாமா?

வயலின் அம்மா, ஹாரோ

மகளுக்கு 12 வயது. ஏழு வயதிலிருந்து வயலின். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் கர்நாடகப் பாட்டும் போகிறாள். போன தவணையில் ஏபிஆர்எஸ்எம் (லண்டன் இசைத் தேர்வு வாரியம்) கிரேடு 5 வயலினில் மெரிட். ஆறாம் கிரேடுக்குப் பதியப் போனால், கிரேடு 5 தியரி (இசைக் குறியீடு, இலக்கணம் பற்றிய எழுத்துத் தேர்வு) பாஸ் பண்ணியிருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே நிற்கிறது. ஆன்லைனில் எழுதினாள். 75க்கு 46. பாஸ் 50. நாலு மார்க்கில் போச்சு. அன்று ராத்திரி சாப்பிடக்கூட வரவில்லை.

இப்போது டீச்சர், "தியரியை விடுங்கள், அதற்குப் பதில் பிராக்டிகல் மியூசிஷியன்ஷிப் கிரேடு 5 எடுத்தாலும் விதிப்படி சரிதான்" என்கிறார். இது குறுக்கு வழியா? பின்னால் எங்காவது இடிக்குமா? எழுதின பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா?

பினாங்கு பியானோ

முதலில் ஒன்று, அது எழுதுகிற பரீட்சையே இல்லை. அறையில் எக்ஸாமினர், ஒரு பியானோ, உங்கள் மகள். அவ்வளவுதான். அவர் வாசிப்பதைக் கேட்டுத் திருப்பித் தர வேண்டும். முன்னே பார்த்திராத தாளைப் பார்த்த மாத்திரத்தில் இசையாக்க வேண்டும். தாளில் அச்சாகியிருப்பதற்கும் அவர் வாசித்ததற்கும் எங்கே வித்தியாசம் என்று சொல்ல வேண்டும். ஒரு சின்னத் துணுக்கைக் கொடுத்து அங்கேயே வளர்க்கச் சொல்வார். தியரியில் தெரியாத கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டுக் கடைசியில் வரலாம். இங்கே அந்த நொடி போனால் போனதுதான்.

இருபது வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். சுலபம் என்று நினைத்து இதற்குள் போய், கடைசியில் தியரிக்கே திரும்பி வந்த பிள்ளை என்னிடமே உண்டு. வெறும் நாலு மார்க். இரண்டு மாசம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். அதற்காகப் புதுசாக ஒரு பரீட்சையா? கஷ்டம்லா.

சுருதிப்பெட்டி, மயிலாப்பூர்

பினாங்கு அக்கா பரீட்சையைச் சரியாகத்தான் விவரிக்கிறார். ஆனால் அவர் சொன்ன ஒவ்வொன்றையும் இந்தக் குழந்தை ஏற்கெனவே சனிக்கிழமைதோறும் செய்துகொண்டிருக்கிறதே! பாட்டு டீச்சர் ஒரு வரி பாடுவார், பிள்ளை திருப்பிப் பாடும். தப்பினால் மறுபடி. எங்கள் பாடமுறையே அதுதான். கொடுத்த துணுக்கை அங்கேயே வளர்ப்பது என்றால் கல்பனாஸ்வரத்தின் (அந்த நேரத்தில் சொந்தமாக ஸ்வரம் கோத்துப் பாடுவது) வாசல்படிதானே?

காது இருக்கிற பிள்ளையைக் கொண்டுபோய், பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு எழுதியதை எந்தச் சுருதிக்கு இறக்குவது என்று தாளில் கூட்டிக் கழிக்கச் சொல்லி, அதில் நாலு மார்க் குறைந்தால் "உனக்கு இசை தெரியாது, ஆறாம் கிரேடுக்கு வராதே" என்பது என்ன நியாயம்?

பினாங்கு பியானோ

"இசை தெரியாது" என்று யார் சொன்னார்கள்? படிக்கத் தெரியவில்லை என்கிறோம். இரண்டும் வேறு. கர்நாடக இசையில் தாள் துணைக்கு. மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவில் தாள்தான் வாத்தியார். பக்கத்து மேசைக்காரி வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு அவள் பின்னாலேயே போகிற வயலின் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து மேசைக்காரி லீவு போட்ட அன்று தெரியும்.

டிரினிட்டி தம்பி, சென்னை

சண்டையே வேண்டாம். டிரினிட்டிக்கு மாறுங்கள், அதுவும் லண்டன் தேர்வு வாரியம்தான். அங்கே ஆறு, ஏழு, எட்டுக்குத் தியரி முன்நிபந்தனையே கிடையாது. நேராகக் கிரேடு 6 எழுதலாம். இங்கிலாந்தில் பல்கலைக்கழகச் சேர்க்கைக்குக் கணக்கில் எடுக்கிற யூகாஸ் புள்ளியும் அதேதான்: கிரேடு 6 பாஸுக்கு 8, மெரிட்டுக்கு 10, டிஸ்டிங்ஷனுக்கு 12. சென்னையில் மவுன்ட் ரோடு மியூசி மியூசிக்கல் படியேறிய பாதிப் பேர் அப்படித்தான் போனோம். இளையராஜாவே டிரினிட்டி கிட்டார்தான், தெரியும்தானே?

பினாங்கு பியானோ

தம்பி, இளையராஜாவைத் தியரி வேண்டாம் என்பதற்குச் சாட்சியாகக் கூப்பிடுகிற முதல் ஆள் நீங்கள்தான். ஸ்டூடியோவில் உட்கார்ந்து மொத்த ஆர்கெஸ்ட்ராவுக்கும் கையால் நொட்டேஷன் எழுதிக் கொடுக்கிறவர் அவர்!

டிரினிட்டி தம்பி, சென்னை

அது சரி 😄 ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் பாயின்ட் நிற்கிறது. கதவு பூட்டியிருந்தால் பக்கத்துக் கதவு.

இன்னொன்று, ஏபிஆர்எஸ்எம்மிலேயே கிரேடு 5 ஜாஸ் முடித்தாலும் அந்த நிபந்தனை தீரும்.

ஆறாம் கிரேடு, கோவென்ட்ரி

ஜாஸ் இவர்களுக்கு உதவாது. அது பியானோ, ஃப்ளூட், கிளாரினெட், சாக்ஸபோன், டிரம்பெட், டிராம்போன் ஆட்களுக்கு. வயலினுக்கு ஜாஸ் கிரேடு இல்லை.

நான் மியூசிஷியன்ஷிப் வழியாக வந்தவன், அதனால் சொல்கிறேன். எனக்கு டிஸ்லெக்ஸியா இருக்கிறது. தியரித் தாளைப் பார்த்தாலே கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டீச்சர்தான் இந்தப் பக்கம் திருப்பிவிட்டார். எட்டு மாசம் தயார் செய்தோம். தியரியைவிட நேரம் கூடத்தான் பிடித்தது. பழைய கேள்வித்தாள் வாங்கிப் போட்டு வீட்டில் தனியாகப் பழகுவதெல்லாம் இதில் நடக்காது. எதிரே பியானோவோடு ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். அக்கா, முதலில் உங்கள் டீச்சர் வாரம் அரை மணி நேரம் இதற்கென்று தருவாரா என்று கேளுங்கள். அடுத்து, பக்கத்தில் எந்த சென்டரில் எப்போது நடத்துகிறார்கள் என்று பாருங்கள். தியரி மாதிரி வீட்டிலிருந்தே எழுதுகிற விஷயம் இல்லை.

ஆனால் ஒன்று. வித்தியாசம் கண்டுபிடிக்கிற டெஸ்டுக்குத் தாள் படிக்காமல் முடியவே முடியாது. காது மட்டும் போதும் என்று சுருதிப்பெட்டி சார் சொல்வது பாதிதான் சரி.

சுருதிப்பெட்டி, மயிலாப்பூர்

சாரா? நான் பெண் 🙂 வயலின் வித்வாம்சினி.

போதும் என்று சொல்லவில்லை, காதில் தொடங்கட்டும் என்கிறேன். இன்னொன்றும் கேளுங்கள். பியானோவில் எஃப் ஷார்ப்பும் ஜி ஃபிளாட்டும் ஒரே கட்டை, பெயர் மட்டும் ஏன் இரண்டு என்று தியரி வகுப்பில் பிள்ளைகள் முழிக்கும். நம் பிள்ளைக்கு அதைப் புதிதாகச் சொல்லவே வேண்டாம். கர்நாடக இசையில் ஸ்வரங்களுக்குப் பன்னிரண்டு ஸ்தானம், பதினாறு பெயர். சதுஸ்ருதி ரிஷபத்தின் இடத்திலேயேதான் சுத்த காந்தாரமும் உட்கார்ந்திருக்கிறது. கனகாங்கி ராகத்தில் அதைக் காந்தாரம் என்கிறோம், ஹரிகாம்போதியில் ரிஷபம் என்கிறோம். அதே மாதிரி 7/8 தாளம் என்றால் பயம். மிஸ்ர சாபு தாளம் போட்ட கைக்கு அதில் என்ன பயம்? மூணும் நாலும். இந்தப் பாலத்தை யாராவது போட்டுக் கொடுத்திருந்தால் அந்த நாலு மார்க் தானே வந்திருக்கும்.

பினாங்கு பியானோ

அப்படியென்றால் நீங்கள் என் கட்சிக்கே வந்துவிட்டீர்கள்! தியரி கற்றுக் கொடுக்கலாம், கற்றுக் கொடுத்த விதம்தான் சரியில்லை. அவ்வளவுதானே?

சுருதிப்பெட்டி, மயிலாப்பூர்

இல்லை. தியரி வேண்டும், அதைச் சோதிக்கிற முறைதான் பிடிக்கவில்லை. முன்னே கிரேடு 5 தாளில் ஒரு மெலடி எழுது என்று ஒரு கேள்வியாவது இருந்தது. 2018இல் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது இருப்பது கண்டுபிடி, தேர்ந்தெடு, பெயர் சொல். சொந்தமாக ஒரு சங்கதி உண்டாக்குகிற வேலை மியூசிஷியன்ஷிப்பில்தான் மிச்சம் இருக்கிறது. எதை "மாற்று" என்பது, எதை "அசல்" என்பது?

பினாங்கு பியானோ

அந்த மெலடிக் கேள்வியை நானும் திருத்தியிருக்கிறேன். எட்டு பார். முடிவில் டோனிக் (ஆதார ஸ்வரம்), நடுவில் ஒரு கிரெஷெண்டோ (ஒலி படிப்படியாகக் கூடுவது), மனப்பாடம் செய்த அச்சு. அதைப் போய்ச் சங்கதி என்காதீர்கள் மா.

சரி, வாதம் இருக்கட்டும். அம்மா, கிரேடு 5 மார்க் ஷீட் கையில் இருக்கிறதா? ஆரல் (காதுச் சோதனை) எவ்வளவு, சைட் ரீடிங் (புதுத் தாளைப் பார்த்தவுடன் வாசிப்பது) எவ்வளவு? அதைச் சொல்லுங்கள். மீதியை அதுவே சொல்லும்.

வயலின் அம்மா, ஹாரோ

இருக்கிறது. மூன்று பாட்டுக்கு 27, 26, 26. ஸ்கேல்ஸ் 17. ஆரல் 18க்கு 17. சைட் ரீடிங் 21க்கு 13. மொத்தம் 126.

சுருதிப்பெட்டி, மயிலாப்பூர்

ஆரல் 17! கிரேடு 5 ஆரலில் தாளைப் பார்த்து ஆறு ஸ்வரம் பாடுகிற பகுதியும் உண்டு. அதையும் தாண்டித்தான் 17 வாங்கியிருக்கிறாள். இதற்கு மேல் என்ன யோசனை? மியூசிஷியன்ஷிப்தான்.

பினாங்கு பியானோ

சைட் ரீடிங் 13! அந்தப் பகுதிக்குப் பாஸே 14. மற்றதெல்லாம் தூக்கிவிட்டதால் மெரிட் கிடைத்தது. தியரியில் 46 வந்த காரணமும் அதேதான். இரண்டு தாளிலும் ஒரே ஓட்டை. இதை அடைக்காமல் காது பலத்தில் தாண்டிப் போனால், கிரேடு 6 பாட்டு ஒவ்வொன்றையும் யூட்யூபில் கேட்டுக் கேட்டுத்தான் படிப்பாள். கிரேடு 8இல் என்ன செய்வாள்? நான் தியரி என்பேன்.

ஆறாம் கிரேடு, கோவென்ட்ரி

ஒரே மார்க் ஷீட், இரண்டு தீர்ப்பு 🙂

அக்கா, வீட்டில் கீபோர்டு இருக்கிறதா? எனக்கு டீச்சர் செய்த ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். அவளுக்குத் தெரியாத எட்டு பார் மெலடி ஒன்றின் தாளை அவளிடம் கொடுங்கள். நீங்களோ வீட்டுக்காரரோ அதைக் கீபோர்டில் வாசியுங்கள். வேண்டுமென்றே இரண்டு இடத்தில் மாற்றி வாசியுங்கள். ஒன்றில் ஸ்வரம், ஒன்றில் தாளம். எங்கே என்று அவள் பென்சிலால் வட்டம் போடட்டும்.

டிரினிட்டி தம்பி, சென்னை

இதற்குள் டிரினிட்டி கிரேடு 6 பாதி முடிந்திருக்கும். சும்மா சொன்னேன். ஆனால் ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். நான் எந்தத் தடையும் இல்லாமல் எட்டாம் கிரேடு வரை போனவன். அங்கே கிரேடு 5 வரை சைட் ரீடிங்கை எடுக்காமலே விடலாம். ஒவ்வொரு தடவையும் அதற்குப் பதில் இம்ப்ரொவைசேஷன்தான் (அங்கேயே சொந்தமாக வாசிப்பது) எடுத்தேன். இப்போது ஒரு ஸ்டூடியோவில் ஷீட் வைத்தால் கை உதறுகிறது. ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து டெனர் கிளெஃப் (எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று காட்டும் குறிகளில் ஒன்று) படித்துக்கொண்டிருக்கிறேன், 26 வயதில்.

பினாங்கு பியானோ

தம்பி, இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாம்லா.

வயலின் அம்மா, ஹாரோ

நேற்று ராத்திரி சோதனையைச் செய்தோம். அவளுடைய அப்பா வாசித்தார், சொதப்பல் வாசிப்புதான், ஆனாலும் போதும். மூன்றாவது பாரில் ஒரு ஸ்வரத்தை மாற்றினார். அந்த ஸ்வரம் விழுந்த உடனே, தாளைப் பார்க்காமலே, "தப்பு, அது மேலே போகணும்" என்றாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், ஏனென்றால் அவள் அந்த மெலடியை அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. ராகம் எங்கே போகும் என்று ஊகித்திருக்கிறாள். ஆனால் பென்சிலால் வட்டம் போடு என்றதும், இரண்டாவது பாரா மூன்றாவதா என்று விரலால் ஒவ்வொரு ஸ்வரமாக எண்ணினாள். தாளத்தில் மாற்றியது எங்கே என்று தாளில் கடைசி வரை காட்டவே இல்லை. ஆனால் "அங்கே கையில் இடித்தது" என்று தொடையில் தட்டிக் காட்டினாள், அந்த இடம் சரிதான்.

அவளிடமே கேட்டேன், எது வேண்டும் என்று. "தெரியாத ஆள் முன்னாடி தனியாப் பாடணுமா, இல்ல வயலின்ல வாசிக்கலாமா?" அதுதான் அவளுடைய ஒரே கேள்வி.

ஆறாம் கிரேடு, கோவென்ட்ரி

கேட்டுத் திருப்பித் தருவதைக் குரலிலும் தரலாம், வயலினிலும் தரலாம். எந்தெந்த டெஸ்டுக்கு எது என்று சிலபஸில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.

சுருதிப்பெட்டி, மயிலாப்பூர்

தொடையில் தட்டிக் காட்டினாளா! அந்த இடத்தை அவளையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். முதலில் தகதிமி என்று எழுதட்டும், அதன் கீழேயே குரோட்செட், குவேவர் என்று மேற்கத்திய கால அளவுக் குறிகளைப் போடட்டும். தினம் ஒரு வரி போதும். எந்தப் பரீட்சை என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பினாங்கு பியானோ

இதற்கு நான் மறுப்பு சொல்லவில்லை. ஆனால் அந்த வரியைக் கடைசியில் ஆல்டோ கிளெஃப்பிலும் ஒருமுறை எழுதச் சொல்லுங்கள்.