கவுன்சலிங், காலேஜ் அட்மிஷன்: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஓர் அனுபவம் சொல்லுங்கள்

மலையடிவார டீச்சர்:
ஆடிக் கிருத்திகை அன்று மூன்றரை மணி. எங்கள் பள்ளியில் பிளஸ் டூ முடித்த பொண்ணு ஓடி வந்தாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சீட் ஒதுக்கியாயிற்று, 5 மணிக்குள் உறுதி செய்ய வேண்டும், பாஸ்வேர்டு தெரியாது. விண்ணப்பம் போட்டது பிரவுசிங் சென்டரில். மெயில் ஐடி, போன் நம்பர் எல்லாமே கடைக்காரருடையது. ஓடிபி அவருக்குத்தான் போகும். ஷட்டரில் ‘திருத்தணி போயிருக்கிறோம்’ என்று அட்டை. என் போனில் அவரை விடாமல் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் முருகன் பாட்டு காலர் ட்யூன் முழுசாக ஓடிக் கட் ஆகும். “அண்ணன் வரிசையில நிக்கிறாரு போல டீச்சர்” என்று அவருக்காக என்னிடம் சமாதானம் வேறு சொல்கிறாள். சீட் போயிற்று.

கடைக்காரன்:
நானும் சென்டர்தான் வைத்திருக்கிறேன். அப்பா நம்பர் கேட்டால் ரீசார்ஜ் தீர்ந்துவிட்டது என்பார்கள். இல்லையென்றால் மேஸ்திரி நம்பர். கடைசியில் “உங்க நம்பரையே போட்டுக்குங்க தம்பி.” ராத்திரி 11 மணிக்கு ஒருவர் கூப்பிட்டு “ஏதாவது வந்துச்சா?” என்றார். யார் பிள்ளைக்கு என்று கேட்டால் பெயரைச் சொல்லாமல் “நம்ம பாப்பாவுக்குத்தான்” என்கிறார். பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறதே டீச்சர், அங்கேயே போட்டுக் கொடுக்கலாமே?

மூணாம் செமஸ்டர்:
நீங்கள் இரண்டு பேரும் சீட்டோடு நின்றுவிட்டீர்கள். சீட் கிடைத்த கதை இது. முதல் வாரம், அறுபது பேர் வகுப்பில் ஒரு சார் வந்து “செவன் பாயிண்ட் ஃபைவ் எல்லாம் எழுந்திரு” என்றார். ஏதோ ஃபாரத்தில் கையெழுத்துக்காம். நாலு பேர் எழுந்தோம். பக்கத்து பெஞ்சுப் பையன் “உனக்கு ஃபீஸே கிடையாதா?” என்று கேட்டான், பொறாமையாகத்தான். அதற்கப்புறம் அந்த செமஸ்டர் முழுக்க நான் சந்தேகமே கேட்கவில்லை. கணக்கில் அரியர்.

ரிட்டயர்டு கிளார்க்:
அரியர் எல்லாருக்கும் வரும் தம்பி, அதைப் பெரிதாக்காதே. மலையாளி என்கிற பழங்குடியைச் சேர்ந்த ஒரு பையன், எஸ்டி சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசிலேயே ஒரு மாதம் அலைந்தான். அதைக் கொடுக்க வேண்டியவர் ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் சொல்கிறேன். சாதிச் சான்றிதழைப் பிளஸ் ஒன்னிலேயே வாங்கிவிடுங்கள். 7.5 கேட்பவர்கள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கு அத்தாட்சி வைத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளி என்றால் அவ்வளவுதான். 7.5 கிடைக்காவிட்டால், ஃபீஸ் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழை விடாதீர்கள். ஆனால் அண்ணனோ அக்காவோ டிகிரி முடித்திருந்தால் அது கிடையாது. காலேஜ் போகும் பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை, பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய் வர பேங்க் கணக்கில் ஆதார் இணைத்திருக்க வேண்டும். விருப்பப் பட்டியலில் மூன்று காலேஜ் மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள், ஐம்பது போட்டாலும் காசு கேட்க மாட்டார்கள். மெயில் ஐடி பிள்ளையே உருவாக்கட்டும்.

மூணாம் செமஸ்டர்:
ஐயா, நான் சான்றிதழ் பற்றிக் கேட்கவே இல்லையே.

கடைக்காரன்:
டீச்சர், அந்தப் பொண்ணு என்ன ஆனாள்?

மலையடிவார டீச்சர்:
துணைக் கலந்தாய்வில் சிவில் கிடைத்தது, வீட்டிலிருந்து வெகுதூரம். லேபைப் பற்றிக் கேட்டீர்களே, அது இருக்கிறது. அந்த வாரம் நெட் இல்லை.