ஜிம்மி ஃபண்டு கதை நெசந்தானா? ஆராய்ச்சிக்குப் பணம் பிரிச்சா பிரயோஜனம் உண்டா?

தக்கலைக்காரன்:
செப்டம்பர் குழந்தைகள் புற்றுநோய் விழிப்புணர்வு மாசம். எங்க சர்ச் வாலிபர் சங்கத்துல காணிக்கை பிரிக்கப் போறோம், என்னை அஞ்சு நிமிசம் பேசச் சொல்லியிருக்காங்க. பாஸ்டன்ல ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு பையன் ரேடியோவுல பேசினதுல ஜிம்மி ஃபண்டுன்னு பெரிய அமைப்பே வந்ததா வாசிச்சேன். நெசமா, வாட்ஸாப் கதையா? இன்னொண்ணு, கமிட்டில ஒரு மாமா, "ஆராய்ச்சிக்கு எதுக்குலே காசு? பிள்ளையளுக்கு மருந்து வாங்கிக் குடுக்கலாம்லா"ங்காரு. பதில் சொல்லத் தெரியல.

கருங்கல் சிஸ்டர்:
நெசந்தான் மக்களே. ஆனா அமைப்பு முதல்ல, பையன் பொறவு. 1947-ல சிட்னி ஃபார்பர்னு ஒரு டாக்டரும், வெரைட்டி கிளப்புன்னு சினிமா, நாடகக்காரங்க சங்கமும் சேந்து பாஸ்டன்ல ஆராய்ச்சி நிதி தொடங்குனாங்க. 1948 மே 22-ல ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்த 12 வயசுப் பையனை ரேடியோவுல பேச விட்டாங்க. அவனுக்குப் பிடிச்ச பிரேவ்ஸ் பேஸ்பால் டீம்காரங்க அந்த வார்டுக்கே வந்து நிக்காங்க! மேட்ச் பாக்க அவனுக்கு ஒரு டிவி வேணும், அதுக்குப் பணம் அனுப்புங்கன்னு கேட்டாங்க. 20,000 டாலர் எதிர்பாத்த இடத்துல 2,31,000-க்கு மேல வந்துச்சு. டிவியும் வந்துச்சு.

இனி மாமா கேட்டதுக்கு வாறேன். ஃபார்பர் சாம்பிளையும் சவத்தையும் பாத்து ரிப்போர்ட் எழுதுற பத்தாலஜிஸ்ட். அந்தக் காலத்துல ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைக்குக் குடுக்க மருந்தே கிடையாது, மிஞ்சிப் போனா சில மாசம். ரத்தம் ஊறட்டும்னு ஃபோலிக் ஆசிட்ங்கிற வைட்டமினைக் குடுத்துப் பாத்தாரு, நோய்தான் கூடுச்சு. அப்பந்தான் மனுசனுக்கு உறைச்சுது: ஃபோலிக் ஆசிட் அதுக்குத் தீனின்னா, அதைத் தடுத்தா? தடுக்குற மருந்தை லெடர்லே கம்பெனியில எல்லாப்பிரகட சுப்பாராவ் குழு செஞ்சு குடுத்துச்சு. அமினோப்டெரின். 16 பிள்ளையளுக்குக் குடுத்ததுல 10 பேருக்கு நோய் இறங்குச்சு. கொஞ்ச காலத்துக்குத்தான், திரும்பி வந்துட்டு. ஆனா மருந்துக்கு அது மசியும்னு தெரிஞ்சு போச்சுல்லா.

அதோட கூடப்பிறப்புதான் மெத்தோட்ரெக்ஸேட். திருவனந்தபுரத்துல நான் குழந்தைகள் கேன்சர் வார்டுல இருந்த காலமெல்லாம் அந்த ஊசியோடதான் பொழுது போகும். சிரிஞ்சுல ஏத்துனா மஞ்சத்தண்ணி மாதிரி இருக்கும். முதுகுத்தண்டுல போடும்போது பிள்ளை அனங்காம இருக்க, காலை மடக்கி நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிடணும். குளச்சல் பக்கத்துல இருந்து வந்த ஒரு அம்மா, "பிள்ளை வெளிறிப் போயிருக்கானே சிஸ்டர், ரத்தம் ஊற சத்து மாத்திரை ஒண்ணும் குடுக்கப்பிடாதா?"ன்னு கேப்பா. டாக்டர் எழுதாம ஃபோலிக் ஆசிட் குடுத்திராதன்னு சொல்லி, இந்தக் கதையைத்தான் அவளுக்குச் சொல்லுவேன்.

மாமாட்ட சொல்லு, வாங்கிக் குடுக்க முதல்ல மருந்துன்னு ஒண்ணு இருக்கணும்லான்னு.

மணவாளக்குறிச்சி டீச்சர்:
சுப்பாராவ் நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவரு. கதர் உடுத்தினதுக்கு வெள்ளைக்காரப் பேராசிரியர் கோவப்பட்டு, எம்.பி.பி.எஸ். கிடைக்காம, அதுக்குக் கீழ உள்ள எல்.எம்.எஸ். சர்டிபிகேட்தான் கிடைச்சுது. 1948 ஆகஸ்ட்ல இறந்துட்டாரு, அந்த ரேடியோ பேச்சு நடந்து மூணு மாசம் கூட ஆகல.

நம்ம பக்கத்து உதாரணமும் பேச்சுல சேருங்க தம்பி. அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி 1954-ல 12 கட்டிலோட தொடங்குனது. தங்கச்சியைப் புற்றுநோய்க்குக் குடுத்த முத்துலட்சுமி ரெட்டி ஜனங்ககிட்டப் பணம் பிரிச்சுத்தான் அதைக் கொண்டு வந்தாங்க.

தக்கலைக்காரன்:
நன்றி சிஸ்டர், நன்றி டீச்சர். அந்த ஜிம்மி பொறவு என்ன ஆனான்? இறந்துட்டானா?

கருங்கல் சிஸ்டர்:
எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. அவன் பேரு ஜிம்மியே இல்ல, எய்னார் குஸ்தாஃப்சன். பிள்ளை பேரு வெளிய தெரியப்பிடாதுன்னு ஃபார்பர்தான் ஜிம்மின்னு மாத்திக் குடுத்தாரு. அவனுக்கு ரத்தப் புற்றுநோயும் இல்ல, குடல்ல வந்த லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். பேச்சுல அதைத் திருத்திக்கோ. பொழைச்சு, லாரி ஓட்டி, கல்யாணம் முடிச்சு, பிள்ளை குட்டியோட இருந்தாரு. 1997-ல அவரு சகோதரி எழுதின கடுதாசிக்குப் பொறவுதான் விசயமே வெளிய வந்துச்சு. 2001-ல 65 வயசுல இறந்தாரு.

பைய ஒண்ணு கேக்கேன், உங்க ஃப்ளெக்ஸ்ல சபைப் பிள்ளை யாரு போட்டோவும் போடுறீங்களா?

தக்கலைக்காரன்:
போடணும்னு கமிட்டில பேச்சு உண்டு சிஸ்டர். கடையில இன்னும் பிரிண்ட் எடுக்கல. போட்டோ வேண்டாம்னு இப்பமே போன் பண்ணிச் சொல்லீட்டு வாறேன்.