குகைப் படிவில் வெள்ளெலிப் பல்லே அதிகம்: வறண்ட நிலம் என்று எழுதிவிடலாமா?

மண்ணடுக்கு கேட்டது:

சுண்ணாம்புக்கல் குகை ஒன்றின் தரைப்படிவில், ஒரே அடுக்கிலிருந்து எடுத்த 25 கிலோ மண்ணை 1 மி.மீ. கண் சல்லடையில் கழுவியிருக்கிறோம். 62 தனிக் கடைவாய்ப்பற்கள் கிடைத்தன. 41 வெள்ளெலி (வறண்ட, திறந்த வெளியில் வாழும் டேட்டெரா போன்றது), 13 மில்லார்டியா போன்ற எலி, 8 சுண்டெலி. அணில் பல் ஒன்றுகூட இல்லை. வெட்டுப்பற்கள் ஒரு டப்பி நிறைய இருக்கின்றன, இன்னும் பிரிக்கவில்லை.

மூன்று சந்தேகங்கள்:

1. மூன்றில் இரண்டு பங்கு வெள்ளெலி, அணில் இல்லை. அப்படியானால் அந்தக் காலத்தில் குகையைச் சுற்றி மரமில்லாத வறண்ட வெளி இருந்தது என்று எழுதலாமா?

2. சில கட்டிகள் சுண்ணாம்பு ஏறி இறுகிப்போயிருக்கின்றன. தண்ணீரில் கரையவே இல்லை. பல்லுக்குச் சேதமில்லாமல் எப்படி உடைப்பது?

3. மேலே உள்ள 62-இல் சேர்க்காத ஒரு பல், இன்று அந்தப் பகுதியில் வாழாத ஒரு பேரினத்துடையது போலத் தெரிகிறது. அந்த விலங்கு முன்பு இங்கே பரவியிருந்தது என்று சொல்ல இது போதுமா?

---

சல்லடை எழுதியது:

முதல் கேள்விக்குப் போவதற்கு முன் உங்கள் சல்லடையைப் பார்ப்போம். சுண்டெலியின் முதல் கடைவாய்ப்பல் ஏறக்குறைய 1.8 மி.மீ. நீளம், 1.1 மி.மீ. அகலம். இரண்டாவது பல் நீளமும் அகலமும் 1 மி.மீ.யை ஒட்டியே இருக்கும், மூன்றாவது அதைவிடச் சிறியது. சதுரக் கண் கொண்ட 1 மி.மீ. சல்லடையின் மூலைவிட்டம் 1.4 மி.மீ. சுண்டெலிப் பல் செங்குத்தாகத் திரும்பினால் நழுவிப் போய்விடும். வெள்ளெலிப் பல் பெரியது, தங்கிவிடும். ஆக, ஈரமான காட்டிலிருந்து வந்த மண்ணைக் கழுவினாலும் இந்தச் சல்லடை வறண்ட நிலத்தைத்தான் காட்டும்.

இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. எலி வகைகளுக்குத் தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் கடைவாய்ப்பல் மூன்றுதான், முன்கடைவாய்ப்பல் கிடையாது. எனவே முதல், இரண்டாம், மூன்றாம் பற்கள் கிட்டத்தட்ட சம எண்ணிக்கையில் வர வேண்டும். உங்கள் பற்களை இனவாரியாக அப்படிப் பிரித்து எண்ணிப் பாருங்கள். சுண்டெலியில் பின்பற்கள் காணாமல் போயிருந்தால், முதல் பற்களிலும் ஒரு பகுதி சாக்கடைக்குப் போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கழுவிய நீரின் கசடு இன்னும் இருந்தால் 0.5 மி.மீ.யில் மறுபடி ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அதே அடுக்கிலிருந்து புதிய மண். கழுவும் முறை:

மண்ணை முதலில் நிழலில் முழுக்க உலர்த்துங்கள். பலரும் இந்தப் படியைத்தான் தாண்டுகிறார்கள். ஈரக் களிமண்ணைத் தண்ணீரில் போட்டால் உருண்டையாகவே கிடக்கும். நன்றாகக் காய்ந்த களிமண்ணுக்குள் நீர் வேகமாகப் புகுவதால் அது தானே பொலபொலவென்று உதிரும். அப்படியும் உதிராத களிமண்ணை, காய்ந்த நிலையில் சில மணி நேரம் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, எண்ணெயை வடித்துவிட்டு, பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். காலக்கணிப்புக்குக் கரி எடுப்பதாக இருந்தால் மண்ணெண்ணெய் படும் முன்பே எடுத்துவிடுங்கள். சல்லடையைத் தொட்டியில் அமிழ்த்தி ஆட்ட வேண்டும். குழாயைத் திருகி நேராகப் பீய்ச்சினால் தாடையோடு இருக்கும் பற்கள் கழன்றுவிடும், அதோடு பாதித் தகவலும் போய்விடும். மிஞ்சியதை வெயிலில் வைக்க வேண்டாம், எனாமல் வெடிக்கும்.

பொறுக்குவதற்கு 10 முதல் 20 மடங்கு உருப்பெருக்கியும், நுனியை ஈரமாக்கிய மெல்லிய தூரிகையும், கறுப்புத் தட்டும் போதும். மணல் மிக அதிகமாக இருந்தால் சோடியம் பாலிடங்ஸ்டேட் கரைசலை 2.75 அடர்த்திக்கு அமைத்துப் பிரிக்கலாம். குவார்ட்ஸ் (2.65) மிதக்கும், பல் மூழ்கும். ஆனால் உங்களுடையது சுண்ணாம்பு மண். அந்தக் கரைசல் கால்சியத்தோடு சேர்ந்தால் வீழ்படிவாகி வீணாகும், விலை உயர்ந்த பொருளும்கூட. எனவே கையாலேயே பொறுக்குங்கள்.

---

கல்நெஞ்சன் எழுதியது:

இறுகிய கட்டிக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதுமே, அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

---

பல்வரிசை எழுதியது:

கல்நெஞ்சன், தயவுசெய்து வேண்டாம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும், கூடவே பல்லின் கனிமமான அப்பட்டைட்டையும் கரைக்கும். வெளியே வருவது வழவழப்பான, கூர்மை இழந்த பல். அதைப் பார்த்து இன்னொருவர் "வேட்டை விலங்கின் வயிற்றில் செரித்தது" என்று எழுதுவார்.

மண்ணடுக்கு, உங்களுக்கு வேண்டியது 5 முதல் 10 சதவீத அசிட்டிக் அமிலம். அதில் லிட்டருக்கு 1 கிராம் அளவில் கால்சியம் ஆர்த்தோபாஸ்பேட் கலந்துகொள்ளுங்கள். கரைசலில் பாஸ்பேட் ஏற்கெனவே இருந்தால் பல்லிலிருந்து கரைவது குறையும். கட்டியை ஒரு நாள் ஊறவைத்து எடுத்து, வெளியே தெரியும் எலும்பை உலர்த்தி, அசிட்டோனில் கரைத்த 5 சதவீத பாரலாய்டு பி-72 என்ற பாதுகாப்புப் பிசினைப் பூசி, மறுபடி அமிலத்தில் வையுங்கள். அமிலத்தில் இருந்த நேரத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரம் தண்ணீரில் அலச வேண்டும். அலசுவது குறைந்தால் உள்ளே தங்கிய கால்சியம் அசிடேட் உலரும்போது படிகமாகி, நன்றாக வந்த தாடையைக்கூட உள்ளிருந்தே பிளந்துவிடும். ஐசோடோப்பு ஆய்வுக்கு (பல்லின் கார்பன் வகைகளை அளந்து உணவை அறிவது) நினைத்திருக்கும் பற்களை இந்த வழியில் விடாதீர்கள். அமிலமோ பூச்சோ படாத பற்களைத் தனிக் குப்பியில் ஒதுக்கி வையுங்கள்.

---

கூகை எச்சம் எழுதியது:

அணில் இல்லாததைப் பற்றிச் சொல்கிறேன். குகைக்குள் எலிப் பற்கள் தானாக வருவதில்லை. பெரும்பாலும் ஆந்தை கக்கிய உருண்டைகளிலிருந்தே வருகின்றன. கூகை என்ற ஆந்தை இரவில் வேட்டையாடும், அணில் பகலில் திரியும். கூகை சேர்த்த குவியலில் அணில் இல்லை என்றால், அதற்குக் காரணம் கூகையின் வேலை நேரமாக இருக்கலாம். மரம் இருந்ததா இல்லையா என்பதற்கு அதில் பதில் இல்லை. கூகை திறந்த வெளியில்தான் அதிகம் வேட்டையாடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குகை வாசலில் காடு இருந்து, சற்றுத் தள்ளிப் புல்வெளி இருந்தாலும், குவியலில் வெள்ளெலியே மிகும்.

எந்த விலங்கு சேர்த்தது என்று தெரிய, நீங்கள் ஒதுக்கி வைத்த வெட்டுப்பற்களை எடுங்கள். கடைவாய்ப்பல்லைவிட அவைதான் செரிமானத் தடயத்தை நன்றாகக் காட்டும். நுனியிலுள்ள எனாமல் அப்படியே இருந்தால் கூகை வகை. கூகை இரையை முழுதாக விழுங்கும், வயிற்று அமிலமும் வீரியம் குறைந்தது. நுனி எனாமல் அரிக்கப்பட்டு அதற்கு உள்ளேயுள்ள டென்டின் தெரிந்தால் வேறு ஆந்தையோ பகல்நேர வேட்டைப் பறவையோ. எனாமல் பெரும்பகுதி போய், உடைந்த விளிம்புகளும் உருண்டிருந்தால் நரி, காட்டுப்பூனை போன்ற பாலூட்டிகளின் எச்சம். மண்ணின் அமிலமும் செடிகளின் வேரும் அரித்ததோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மண் அரிப்பு பல் முழுக்கச் சீராகப் பரவியிருக்கும், செரிமானம் ஓரிடத்தில் குவிந்திருக்கும்.

இன்னொன்று: வெள்ளெலியும் பெருச்சாளியும் வளை தோண்டுபவை. பழைய அடுக்குக்குள் புகுந்து அங்கேயே செத்துக் கிடக்கும். மூட்டுக் கலையாமல் ஒரே விலங்கின் எலும்புகள் சேர்ந்து, மற்றவற்றைவிட வெளுத்துக் கிடந்தால் அதைக் கணக்கிலிருந்து நீக்குங்கள்.

---

மண்ணடுக்கு எழுதியது:

நன்றி. பிரித்து எண்ணிவிட்டோம். முதல், இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப்பல் வரிசையில்: வெள்ளெலி 15, 14, 12. மில்லார்டியா 6, 5, 2. சுண்டெலி 7, 1, 0.

வெட்டுப்பற்களில் பெரும்பாலானவற்றின் நுனி எனாமல் கூர்மையாகவே இருக்கிறது. மூட்டோடு கிடந்த எலும்பு எதுவும் இல்லை. ஐசோடோப்பு செய்தால் புல்வெளியா காடா என்பது தீர்ந்துவிடுமா?

---

பல்வரிசை எழுதியது:

சுண்டெலியில் 7, 1, 0. சல்லடை சொன்னது சரிதான், உங்கள் சுண்டெலிகள் சல்லடைக்குக் கீழே இருக்கின்றன.

முதல் கடைவாய்ப்பல்லை மட்டும் வைத்துப் பார்த்தால் 28-க்கு 15 வெள்ளெலி. 66 சதவீதம் என்றிருந்தது 54 ஆகிவிட்டது. இவ்வளவு சிறிய மாதிரியில் 95 சதவீத நம்பக இடைவெளி ஏறக்குறைய 36 முதல் 70 வரை. ஐந்தில் இரண்டு பங்கு என்றாலும் மூன்றில் இரண்டு பங்கு என்றாலும் இந்தத் தரவு மறுக்காது. ஓர் இனம் உண்மையில் 5 சதவீதம் இருந்தாலும், 28 பற்களில் அது ஒன்றுகூட வராமல் போக ஏறக்குறைய 24 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அரிதான காட்டு இனம் "இல்லை" என்று சொல்ல இது போதாது.

ஐசோடோப்பு உதவும், ஆனால் மூன்று இடத்தில் வழுக்கும். முதலாவது, எலியின் முதல் கடைவாய்ப்பல் தாய்ப்பால் குடிக்கும் பருவத்திலேயே உருவாகிவிடும். அதில் தெரிவது தாயின் பால். வெட்டுப்பல் வளர்ந்துகொண்டே தேய்வதால் அதில் இருப்பது கடைசிச் சில வாரங்களின் உணவு. உங்களிடம் வெட்டுப்பல் நிறைய இருக்கிறது, ஆனால் தாடையில் இல்லாத வெட்டுப்பல் எந்த இனத்துடையது என்று சொல்வது கடினம். எனவே வெட்டுப்பல்லும் கடைவாய்ப்பல்லும் சேர்ந்த தாடைத்துண்டுகளைத் தேடுங்கள்.

இரண்டாவது, உணவுக்கும் எனாமலுக்கும் உள்ள கார்பன்-13 இடைவெளி. மாடு போன்ற பெரிய தாவர உண்ணிகளுக்கு ஆயிரத்துக்கு 14 அளவு. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வோல் எலிகளுக்கு (குட்டைவால் எலி வகை) 11.5 அளவுதான் வந்தது. எனாமல் மதிப்பு −10 என்று வைத்துக்கொள்ளுங்கள். 14-ஐக் கழித்தால் உணவு −24, சி3 (மரம், செடி) பக்கம் சாயும். 11.5-ஐக் கழித்தால் −21.5, வெப்பமண்டலச் சி4 புல்லின் பங்கு கணிசமாகக் கூடும். மாட்டுக் கணக்கை எலிக்குப் போட்டால் புல்வெளி மறைந்துவிடும். மூன்றாவது, எலி விதையும் பூச்சியும் தின்னும். பூச்சி எந்தத் தாவரத்தைத் தின்றதோ அந்தக் குறியே எலியிலும் வரும்.

என் கருத்தில், ஒரே அடுக்கை வைத்து "வறண்ட நிலம்" என்று எழுதுவதே தவறான கேள்விக்கு விடை தேடுவது. மேலும் கீழுமாக ஒவ்வோர் அடுக்கையும் அதே சல்லடை, அதே எடை மண் என்று கழுவுங்கள். சேர்த்தது கூகைதான் என்பதை ஒவ்வொன்றிலும் உறுதிசெய்யுங்கள். அப்போது ஆந்தையின் சாய்வு எல்லா அடுக்கிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், விகிதத்தில் வரும் மாற்றத்துக்குப் பொருள் உண்டாகும். இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் லியாங் புவா குகையில் இப்படித்தான் செய்தார்கள். 10,000-க்கும் மேற்பட்ட எலி எலும்புகளை உடல் அளவு வாரியாகப் பிரித்துப் பார்த்ததில், சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன் திறந்தவெளிக்குரிய நடுத்தர எலிகள் குறைந்து, அடர்ந்த காட்டுக்குரிய சிறிய எலிகள் கூடுவது தெரிந்தது. 2019-இல் வெளியான ஆய்வு அது. அந்த முடிவின் பலம் அடுக்குக்கு அடுக்கு ஒப்பிட்டதில் இருக்கிறது.

---

தொல்பரவல் எழுதியது:

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. ஒரு பல் போதுமா? சில சமயம் போதும். ஆனால் அந்தப் பல் எந்த நிலைத் தேய்மானத்தில் இருக்கிறது? எலிப் பல்லின் முகடுகள் தேயத் தேய ஒன்றோடொன்று இணைந்து, இளம் பல்லிலிருந்து முற்றிலும் வேறான வடிவம் வரும். தெரிந்த இனத்தின் முதிய பல்லைப் புதிய பேரினமாக எண்ணுவது இந்தத் துறையின் பழைய நோய். உங்களிடம் ஏற்கெனவே உள்ள மூன்று வகைகளின் தேய்மான வரிசையை முதலில் அடுக்கிப் பாருங்கள். அதில் எங்கும் பொருந்தாவிட்டால்தான் வெளியே தேட வேண்டும். வெவ்வேறு குலங்களில் ஒரே மாதிரிப் பல் தனித்தனியே தோன்றுவதும் உண்டு. வோல் எலிகளைப் போன்ற உயர்ந்த முக்கோணப் பற்கள் மயோசீன் காலத்து (சுமார் 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்) வேறு எலிக் குலங்களிலும் வந்திருக்கின்றன.

அடையாளம் உறுதியானால் அது பெரிய செய்திதான். கர்னூல் குகைகளில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அவர் மகன் ஹென்றியும் 1880-களில் எடுத்த எலும்புகளை ஆராய்ந்த தொல்விலங்கியலாளர் லிடெக்கர், 1886-இல் தூரிகைவால் முள்ளம்பன்றி இனம் ஒன்றை விவரித்தார். அந்தப் பேரினம் இன்று ஆப்பிரிக்காவின் மழைக்காடுகளிலும், வடகிழக்கு இந்தியா தொடங்கித் தென்கிழக்கு ஆசியாவிலும் இருக்கிறது, தென்னிந்தியாவில் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் முள்மயிர் கொண்ட சிறு மர எலியான பிளாட்டகாந்தோமிஸும் அப்படியே. அதன் பேரினத்தின் பற்கள் சீனாவின் யுன்னானில், லுஃபெங்கில், பிந்தைய மயோசீன் படிவுகளில் கிடைத்திருக்கின்றன. இன்று தனித்தீவு போலத் தெரியும் இடம், ஒரு பெரிய பரவலில் மிஞ்சிய துண்டாக இருக்கலாம்.

எதிர்ப்பக்கம்: ஓரிடத்தில் கிடைக்கவில்லை என்பதால் அங்கே இல்லை என்று எழுதாதீர்கள். லாவோஸில் 2005-இல் விவரிக்கப்பட்ட லாவோனாஸ்டஸ் என்ற கொறிவிலங்கு, 1.1 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்ததாகக் கருதிய டயட்டோமிடே குடும்பத்தைச் சேர்ந்தது என்று அடுத்த ஆண்டு தெரிந்தது. அவ்வளவு காலமும் அந்தக் குடும்பம் உயிரோடு இருந்திருக்கிறது, நம் கையில் பல்தான் இல்லை.

காலத்தை அந்தப் பல்லை வைத்தே கணிக்காதீர்கள். பாகிஸ்தானின் பொட்வார் பீடபூமியிலுள்ள சிவாலிக் அடுக்குகளில் சுமார் 1.38 கோடி ஆண்டு பழைய ஆன்டெமஸ் என்ற எலிப் பேரினத்திலிருந்து புரோகோனோமிஸ் என்ற பேரினம் வரை எலிகளின் பல் மாறுவதைத் தொடர்ச்சியாகக் காணலாம். அங்கே காலம் பாறைகளின் தொல்காந்தப் பதிவிலிருந்து வருகிறது. அதனால்தான் எலிகள் தெற்கு ஆசியாவில் தோன்றி மேற்கே பரவின என்ற வாதம் நிற்கிறது. ஒரு படிவில் புரோகோனோமிஸ் இருப்பதாலேயே அதற்கு வயது போட்டுவிட்டு, பிறகு அதே வயதைக் காட்டி "இந்த ஆண்டில் இங்கே வந்தது" என்று சொன்னால் அது சுற்று வாதம்.

உங்கள் குகைக்கு, அந்தப் பல் கிடைத்த இடத்துக்கு மேலும் கீழும் உள்ள சுண்ணாம்புப் பாளங்களில் யுரேனியம்-தோரியம் முறையில் வயது பார்க்கலாம். மண் கலந்த அழுக்குப் பாளம் வேண்டாம், அதிலுள்ள தோரியம் வயதைக் கூட்டிக் காட்டும். வெட்டினால் பளிச்சென்று தெரியும், அடர்த்தியான கால்சைட்டாகப் பார்த்து எடுங்கள். அதுவரை அந்தப் பல்லை மெல்லும் பரப்பு, உள்பக்கம், வெளிப்பக்கம் என மூன்று கோணத்தில், அளவுகோலோடு படமெடுத்து இங்கே போடுங்கள். வேர்களின் எண்ணிக்கையும் தெரிய வேண்டும், கீழ்ப்புறப் படம் ஒன்றும் சேர்த்துவிடுங்கள்.