பல் செட் போட்டிருப்பவர் ஃபேஸ்லிஃப்ட் செய்துகொள்ளலாமா?

மஞ்சக்குப்பம்61:
எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், வயது 61. மேலே கீழே இரண்டும் முழு பல் செட், கட்டிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கன்னம் தொங்கி, தாடை ஓரத்தில் சதை இறங்கி, கழுத்தும் தளர்ந்துவிட்டது, கண்ணாடி பார்க்கவே மனசு வரவில்லை. ஃபேஸ்லிஃப்ட் செய்துகொள்வது என்று முடிவெடுத்து புதுச்சேரியில் ஒரு கிளினிக்கில் போய்ப் பேசினேன். செலவு சொன்னார்கள், தேதியும் கொடுத்தார்கள், ஆனால் பல்லைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது. ஆபரேஷன் சமயத்தில் செட்டைக் கழற்றியே ஆக வேண்டுமா? திரும்ப எப்போது போடலாம்? முகத்தை இழுத்துத் தைத்த பிறகு இதே செட் பொருந்துமா? இன்னொன்று, பல் இல்லாத என் முகத்தை வீட்டுக்காரர்கூடப் பார்த்ததில்லை, விளக்கை அணைத்த பிறகுதான் கழற்றுவேன். ஆபரேஷன் தியேட்டரில் அத்தனை பேர் முன்னால் வெறும் வாயோடு படுப்பதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று மட்டும் தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம்.

லாஸ்பேட்டை சிஸ்டர்:
அம்மா, நான் தியேட்டர் நர்ஸ். முழு மயக்கம் கொடுத்தால் கழற்றத்தான் வேண்டும். தொண்டைக்குள் குழாய் போடும்போது செட் நழுவினால் மூச்சு வழியை அடைத்துவிடும், ஒற்றைப் பல் வைத்த சின்ன பிளேட் என்றால் இன்னும் ஆபத்து. ஆனால் வார்டிலேயே கழற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மயக்க மருந்து டாக்டர் உங்களை முன்கூட்டியே பார்க்க வருவார், அவரிடம் இப்போது இங்கே எழுதியதை அப்படியே சொல்லுங்கள். தியேட்டருக்குள் போய்க் கடைசி நிமிடத்தில் கழற்றப் பல இடங்களில் அனுமதிப்பார்கள், செட் இருந்தால் கன்னம் உள்வாங்காமல் மாஸ்க் நன்றாகப் பொருந்தும் என்பதால் சிலர் மயக்கம் வரும்வரை விட்டுவைப்பதும் உண்டு. நன்றாக நினைவு வந்ததும், மயக்கம் தெளியவைக்கும் ரெகவரி அறையிலேயே திருப்பிக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். எங்களுக்கு இது தினமும் பார்க்கிற விஷயம், யாரும் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார்கள்.

மூடி போட்ட டப்பா ஒன்று கொண்டு போங்கள், மேலே பெயர் எழுதி, உள்ளே சாதாரணத் தண்ணீர். டிஷ்யூவில் சுற்றி வைக்கவே வைக்காதீர்கள், குப்பையோடு போய்விடும்.

கோரிமேடு பல் டாக்டர்:
மேடம், உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் பத்து வருஷம்தான். பல் எடுத்த பிறகு தாடை எலும்பு தேய்ந்துகொண்டே போகும், முதல் வருஷம் வேகமாக, அப்புறம் மெதுவாக, கீழ்த்தாடையில் மேல்தாடையைவிட அதிகமாக. செட்டில் உள்ள பல்லும் தேயும். அதனால் கடிக்கும்போது மூக்குக்கும் தாடைக்கும் நடுவில் உள்ள உயரம் குறைந்து, உதடு உள்ளே போய், வாயோரம் மடிந்து, கன்னம் இறங்கினதுபோல் தெரியும். இதை நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்றால், மூக்கு நுனியில் ஒரு புள்ளி, தாடையில் ஒரு புள்ளி வைத்து, வாயைத் தளர்வாக வைத்திருக்கும்போது ஒரு அளவு, கடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு அளவு எடுப்போம். 2 முதல் 4 மி.மீ. வித்தியாசம் இருந்தால் சரி, அதைவிட ரொம்ப அதிகமாக இருந்தால் செட் தேய்ந்து உயரம் போய்விட்டது என்று அர்த்தம். பழைய செட்டின் முன்பக்கத்தில் கொஞ்சம் மெழுகு ஒட்டிப் போட்டுப் பார்த்தாலே உதடு எவ்வளவு முன்னுக்கு வரும் என்று கண்ணாடியில் நீங்களே பார்க்கலாம்.

ஆகவே முதலில் புது செட், அது வாய்க்குப் பழகிய பிறகு சர்ஜனிடம் போய்ப் போட்டபடியும் கழற்றியும் முகத்தைக் காட்டுங்கள். வரிசையை மாற்றினால், உள்வாங்கிய முகத்துக்கு அளவு பார்த்துத் தோலை இழுத்துவிட்டு, பிறகு உள்ளிருந்து அதே முகத்தை நிரப்புகிற நிலைமை வரும். மற்றபடி ஃபேஸ்லிஃப்ட் ஈறைத் தொடுவதில்லை, காதோரம் வெட்டி தோலையும் அதன் அடியில் உள்ள படலத்தையும் இறுக்குவதுதான், செட்டின் பொருத்தம் அதனால் கெடாது.

முதுநகர் தம்பி:
எங்கள் பெரியக்காவுக்குச் சென்னையில் செய்தது, அவரும் முழு செட். வீக்கமும் மரத்துப்போன உணர்வும் இருந்ததால் கீழ் செட் ஆரம்பத்தில் உட்காரவே இல்லை, கன்னத்துத் தசைதானே அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கஞ்சி, ரசத்தில் குழைத்த சாதம், தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம் என்றே சமாளித்தார். மேலுதட்டில் இருந்த செங்குத்துக் கோடுகள் போகவில்லை, ஃபேஸ்லிஃப்டால் அது போகாது என்று சர்ஜன் முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தார். பிரஷர் இருந்தால் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே போங்கள் அம்மா, தோலுக்கு அடியில் ரத்தம் கட்டுவதுதான் இதில் அதிகம் வருகிற சிக்கல், பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்தாமல் இதய டாக்டரைக் கேளுங்கள். செய்கிறவர் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி மாதிரி முறையாகப் படித்தவரா என்று பாருங்கள், பல் செட் இருக்கிறதா என்றுகூடக் கேட்காத இடத்துக்கு நான் என் வீட்டு ஆளை அனுப்பமாட்டேன்.

மஞ்சக்குப்பம்61:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சிஸ்டர், அந்தக் கடைசி நிமிட விஷயம் தெரிந்ததே எனக்குப் பாதி பாரம் குறைந்தது. டாக்டர், கிளினிக்கில் கொடுத்த தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டேன். புது செட்டுக்கு எங்கே காட்டலாம்? கீழே ஆடாமல் இருக்க, தாடை எலும்பில் திருகு மாதிரி பதிக்கிற இம்பிளான்ட் வைப்பார்கள் என்கிறார்களே, எனக்கு அது சரிப்படுமா?

கோரிமேடு பல் டாக்டர்:
கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்குச் சிதம்பரம் பக்கம் வசதி என்றால் அண்ணாமலை நகர் பல் மருத்துவக் கல்லூரி. இரண்டிலும் செயற்கைப் பல் கட்டுகிற புராஸ்தோடான்டிக்ஸ் பிரிவைக் கேளுங்கள். கீழ்த்தாடையில் முன்பக்கம் 2 இம்பிளான்ட் வைத்து அதன்மேல் செட்டை மாட்டுவது நன்றாக நிரூபணமான முறை, எலும்பு போதுமா என்று ஸ்கேன் பார்த்து, சர்க்கரை அளவையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவும் செய்வதாக இருந்தால் ஃபேஸ்லிஃப்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள், தையல் ஆறாத முகத்தோடு வாயை அகலத் திறந்து உட்காருவது கஷ்டம். போகும்போது பழைய செட்டையும் பல் இருந்த காலத்துப் போட்டோ ஒன்றையும் எடுத்துப் போங்கள், பக்கவாட்டில் எடுத்தது கிடைத்தால் இன்னும் நல்லது.