உப்புக்கு ‘மூலக்கூறு’ வேண்டாம்: ‘விகிதக்கூறு’ எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

சாப்பாட்டு உப்பு மாதிரிச் சேர்மத்தில் எது எதற்கு எத்தனை என்று காட்டும் மிகச் சிறிய கணக்கை ஆங்கிலத்தில் ஃபார்முலா யூனிட் என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘வாய்ப்பாட்டு அலகு’ என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நம் குழுவில் ஐயா நேற்று எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. ஆந்திராவில் தமிழக எல்லையோரம் இருக்கும் நகரியில், வீட்டு மொட்டைமாடியில் சாயங்காலம் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். வாய்ப்பாடு என்று ஆரம்பித்ததும் ஒரு பெண் ‘எத்தனாவது வாய்ப்பாடு சார்?’ என்றாள். அவள் மேல் தப்பில்லை, பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு அடி வாங்கிய பிள்ளை.

எங்கள் பக்கத்தில் இன்னொரு வம்பும் உண்டு. பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. மீதிப் பேர் திருத்தணிப் பக்கம் போய்த் தமிழில் படிக்கிறவர்கள். தெலுங்கில் ‘அணுவு’ என்றால் நம்முடைய மூலக்கூறு, நாம் அணு என்பது அவர்களுக்குப் ‘பரமாணுவு’. ஒரே பாயில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தன் ‘உப்பு அணு’ என்கிறான், பக்கத்தில் இருப்பவன் ‘உப்பு மூலக்கூறுடா’ என்று திருத்துகிறான். ரெண்டு பேர் செய்வதும் ஒரே தப்பு: திட உப்பில் தனித்தனி மூலக்கூறே கிடையாது.

சோடியம் கடைசிக் கூட்டில் இருக்கும் ஒற்றை எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது, குளோரின் அதை வாங்கி 7-ஐ 8 ஆக்கிக்கொள்கிறது, இதுவரை யாருக்கும் சிக்கலில்லை. அப்புறம்தான் கொடுத்ததும் வாங்கினதும் ஜோடி சேர்ந்து தனியே போய்விடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள்; நாமும் கரும்பலகையில் அப்படித்தானே படம் போடுகிறோம். அப்படிக் கொடுத்தும் வாங்கியும் மின்னேற்றம் பெற்ற அணுக்கள்தான் அயனிகள்; குளோரின் அயனிக்குப் பெயர் குளோரைடு. படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் 6 குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் 6 சோடியம், இதில் எது எதன் ஜோடி? எல்லாப் பக்கமும் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டியிருக்கிறது. பிராக் என்ற இயற்பியலாளர்கள், தந்தையும் மகனும், 1913 வாக்கிலேயே எக்ஸ் கதிரை வைத்து இதைக் காட்டிவிட்டார்கள். ஆனாலும் 1927-இல் ஆம்ஸ்ட்ராங் என்ற ஆங்கில வேதியியலாளர், உப்பைச் சதுரங்கப் பலகை ஆக்கிவிட்டார்களே என்று நேச்சர் இதழில் கோபமாக எழுதினார். அவரே மல்லுக்கு நின்றார் என்றால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தடுமாறாதா?

கடைசியில் என் கட்டம் போட்ட லுங்கியை விரித்துப் போட்டேன். (தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்கிற பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும்.) ஒரே கட்டம்தான் திரும்பத் திரும்ப வருகிறது, அது எங்கே தொடங்குகிறது என்று விரல் வைக்கச் சொன்னால் ஆளுக்கொரு இடத்தில் வைத்தார்கள். எங்கிருந்து எண்ணினாலும் சிவப்பு நூலுக்கும் நீல நூலுக்கும் உள்ள கணக்கு மட்டும் மாறவில்லை.

அந்தக் கணக்குக்குத்தான் பெயர் வேண்டும். என் பரிந்துரை ‘விகிதக்கூறு’. சோடியம் குளோரைடில் 1:1, மக்னீசியம் குளோரைடில் 1:2, அலுமினியம் ஆக்சைடில் 2:3. ‘கூறு’ மறுபடியும் மூலக்கூறிலேயே கொண்டுபோய் விடும் என்பீர்கள். சந்தையில் கத்தரிக்காயைக் கூறு கட்டி வைக்கிறார்களே, செடியில் அது கூறு கூறாகவா காய்க்கிறது? எண்ண வசதியாக நாம் பிரித்து வைப்பதுதான் கூறு. ‘விகித அலகு’ என்றும் யோசித்தேன், ஆனால் அலகு என்றால் பிள்ளைகளுக்கு மீட்டரும் கிலோகிராமும்தான் ஞாபகம் வருகிறது.

உப்பை ஆவியாக்கினால் அதில் சோடியம் குளோரைடு மூலக்கூறுகள் இருக்குமே என்று யாராவது கேட்கலாம். இருக்கும்தான், அங்கே மூலக்கூறு என்றே சொல்லுவோம். சாப்பாட்டு உப்புக்கு 58.5 என்று எழுதும் இடத்தில் மட்டும் ‘மூலக்கூறு நிறை’யை அடித்துவிட்டு ‘விகிதக்கூறு நிறை’ என்று போடலாமா? ஐயாவும் மற்றவர்களும் சொல்லுங்கள், திங்கட்கிழமை மக்னீசியம் குளோரைடு நடத்த வேண்டும்.