ஆபீஸ் கணினியில் ஊர் வங்கிக் கணக்கைத் திறக்கலாமா?

மலையகத்திலிருந்து புதிதாக வெளிநாடு போயிருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு. வளைகுடாவில் ஒரு கம்பெனியின் ஐ.டி. பிரிவில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுத் தலவாக்கலைக்கே திரும்பியவன் நான். அம்மாவுக்குப் பணம் அனுப்ப ஆபீஸ் மடிக்கணினியிலேயே வங்கித் தளத்தைத் திறக்கிறேன், பூட்டுச் சின்னம் தெரிகிறது, பயமில்லைதானே என்று நேற்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். பயம் இருக்கிறது.

தோட்டத்தில் நமக்குக் கடிதம் வந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, தனி விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயருக்கு வந்து, ஆபீசில் கட்டோடு கிடந்து, யார் கையிலாவது நம்மிடம் சேரும். எனக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி முடிந்து இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. யாரோ பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டியிருந்தார்கள். அந்தப் பசைக் கறை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பல கம்பெனிகளின் நெட்வொர்க்கிலும் இதுதான் நடக்கிறது. உங்கள் கணினி வங்கியோடு நேரே பேசுவதில்லை. நடுவில் நிற்கும் ஃபயர்வால் என்ற காவல் பெட்டி வங்கியோடு ஓர் இணைப்பும் உங்களோடு இன்னோர் இணைப்பும் வைத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் கடவுச்சொல் உட்பட எல்லாம் வெறும் எழுத்தாக அவிழ்ந்துவிடும். தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்கு (பிரவுசருக்கு) உறுதி சொல்வது சான்றிதழ். வங்கியின் பெயருக்கு அப்படி ஒரு சான்றிதழை அந்தப் பெட்டியே தயாரித்து, கம்பெனியின் கையொப்பத்தோடு உங்களிடம் நீட்டும். கம்பெனி கையொப்பமிட்டதையெல்லாம் நம்பச் சொல்லும் மூலச் சான்றிதழை ஐ.டி. பிரிவு முன்பே உங்கள் கணினியில் பதித்திருப்பதால் உலாவி சந்தேகப்படாது, பூட்டும் தெரியும்.

இதைக் கெட்ட எண்ணத்தில் செய்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். வழியில் யாரும் படிக்க முடியாதபடி தகவலைப் பூட்டி அனுப்பும் மறையாக்கத்துக்குள் வைரஸும் ஒளிந்து வருகிறது. நானே அந்தப் பெட்டியை இயக்கியவன். வங்கி, மருத்துவத் தளங்களைப் பிரிக்காமல் விடப் பட்டியல் போடுவோம். அதில் நம் ஊர் வங்கி விடுபட்டிருக்கலாம்.

நீங்களே பார்க்கலாம். முகவரிக்கு இடப்பக்கமுள்ள பூட்டை அழுத்தி (குரோமில் 2023 முதல் அங்கே வேறு சின்னம்), சான்றிதழை வழங்கியவர் யார் என்று படியுங்கள். டிஜிசெர்ட், லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற பொது நிறுவனத்தின் பெயர் என்றால் நடுவில் பிரிக்கவில்லை. கம்பெனியின் பெயரோ ஃபயர்வால் தயாரிப்பாளரின் பெயரோ இருந்தால் பிரிக்கிறார்கள். பிரிக்காவிட்டாலும், திரையையே கண்காணிக்கும் மென்பொருள் அந்தக் கணினியில் இருக்கக்கூடும். அதனால் வீட்டுக் காரியங்களுக்குச் சொந்தக் கைப்பேசியும் சொந்த டேட்டாவும்தான்.

ஆபீஸ் வைஃபையில் சொந்தக் கைப்பேசியை இணைத்தால், எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது பெரும்பாலும் தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. ஆனால் "இந்தச் சான்றிதழை நிறுவு" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 7-இலிருந்து பெரும்பாலான செயலிகள் நாம் சேர்க்கும் சான்றிதழை நம்புவதில்லை என்றாலும், குரோம் நம்பிவிடும்.

தப்பிக்க நினைத்து, போக்குவரத்தை மறைத்து அனுப்பும் வி.பி.என். மென்பொருளை ஆபீஸ் கணினியில் போடாதீர்கள். கண்டுபிடித்தால் வேலைக்கே ஆபத்து. வளைகுடாவில் வேலை போனால் விசாவும் போகும்.

ஐரோப்பாவுக்குப் போனவர்கள் வேலை ஒப்பந்தத்தில் கண்காணிப்புப் பகுதியைத் தேடிப் படியுங்கள். ருமேனிய ஊழியர் ஒருவரின் வழக்கில் 2017 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்ன ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், கண்காணிப்பின் தன்மையும் அளவும் முன்கூட்டியே ஊழியருக்குச் சொல்லப்பட்டதா என்பதை முக்கியமாக எடுத்துக்கொண்டது.

தங்கச்சி, நீங்கள் ஏற்கெனவே ஆபீஸ் கணினியில் கணக்குக்குள் போயிருக்கிறீர்கள். இன்றிரவே கைப்பேசியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். அந்த உலாவியில் சேமித்திருப்பதையும் அழித்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.