கப்பல் அறை டிவியில் நம்ம போன், லேப்டாப்பை இணைத்துப் பார்த்தவர்கள் உண்டா?

ஈசூன்வாசி

அப்பாவுக்கு 70 முடிஞ்சதுக்கு வீட்டுலயே விருந்து வைக்கலாம்னு இருந்தோம். தங்கச்சிதான் கப்பல்ல போகலாம்னு கிளப்பிவிட்டா. சிங்கப்பூர்லேர்ந்து பினாங்கு போய்த் திரும்புற 3 ராத்திரிப் பயணம்.

என் பங்குக்கு ஒரு ரகசிய ஏற்பாடு செஞ்சேன். 1986ல கும்பகோணத்துல நடந்த அவங்க கல்யாணத்தோட விஎச்எஸ் கேசட் பூஞ்சை பிடிச்சுக் கிடந்துச்சு. அதைச் சுத்தம் பண்ணி டிஜிட்டலா மாத்தி, பென் டிரைவ்ல ஒரு காப்பி, லேப்டாப்ல ஒரு காப்பி. ராத்திரி சாப்பிட்டு வந்ததும் அறை டிவியில போட்டு அசத்திடணும்னு திட்டம்.

டிவி சுவரோட ஒட்டி இருந்துச்சு. பின்னாடி விரல் போகும், கை போகாது. போன்ல வீடியோவை ஓடவிட்டு, டார்ச்சையும் போட்டு, அந்த இடுக்குல மெதுவா நுழைச்சு இழுத்தேன். எடுத்த வீடியோவைப் போட்டுப் பாத்தா தூசிக்கு நடுவுல படமும் சத்தமும் வாங்குற எச்டிஎம்ஐ துளை ரெண்டு தெரியுது. ஒண்ணுல ஏற்கெனவே கப்பலோட வயர். இன்னொண்ணு காலி. கேபிளோட தலை நீளம், நேரா சொருக இடமில்ல. தங்கச்சிக்கு விரல் சின்னது, அவதான் கால் மணி நேரம் போராடிச் சொருகினா. "என்னடா டிவியைக் கழட்டுறீங்க, காசு கட்டச் சொல்லப் போறாங்க"ன்னு அம்மா வேற.

இவ்வளவும் செஞ்சு ரிமோட்டைக் கையில எடுத்தா, படம் எந்தத் துளைலேர்ந்து வரணும்னு மாத்துற சோர்ஸ் பட்டனே இல்ல! பவர், சத்தம், சேனல், மெனு, அவ்வளவுதான். டிவி பாட்டுக்கு கப்பல் போற மேப்பையும் முன்பக்கக் கேமராவையும் மாத்தி மாத்திக் காட்டுது. பென் டிரைவைக் கண்டுக்கவே இல்ல. கீழே கவுண்டர்ல கேட்டா, சிரிச்சுக்கிட்டே "லாக் பண்ணியிருக்கு சார்"னு முடிச்சுட்டாங்க.

கடைசியில லேப்டாப்பைத் தலகாணி மேல வெச்சு, 5 பேர் ஒரே கட்டில்ல முட்டிக்கிட்டுப் பாத்தோம். அப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியல. "இந்த ஓரத்துல நிக்கிறது யாரு, உங்க சின்ன மாமாவா?"ன்னு ஒவ்வொரு முகத்துக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு.

டிசம்பர்ல மறுபடி போறோம். யாருக்காவது இது வேலை செஞ்சிருக்கா? எப்படிச் செஞ்சீங்க?

ஓட்டல் டிவிக்காரன்

ஓட்டல்களுக்கு டிவி மாட்டுறதுதான் நம்ம பொழப்பு. சிங்கப்பூர் செம்பவாங் கப்பல் பட்டறைக்குப் பழுது பார்க்க வந்த பயணிகள் கப்பல்ல 2 தடவை வேலை பாத்திருக்கேன். நீங்க பாத்தது கடையில விக்கிற டிவி இல்ல. எல்ஜி, சாம்சங் ரெண்டு பேருமே ஓட்டலுக்குன்னு தனி மாடல் போடுறாங்க. உள்ள ஓட்டல் மோடுன்னு ஒரு மெனு இருக்கும். போட்டதும் எந்தச் சேனல் வரணும், சத்தம் எதுவரைக்கும் ஏறலாம், சோர்ஸ் மாத்தலாமா, யூஎஸ்பி வேலை செய்யணுமா, எல்லாத்தையும் அங்கேயே பூட்டிடலாம். சத்தத்தைப் பூட்டுறது பக்கத்து அறைக்காரனுக்காக. கப்பல் சுவர் எவ்வளவு மெலிசுன்னு நான் சொல்லணுமா?

பட்டன் இல்லாத ரிமோட்டைக் குடுக்கிறது முதல் பூட்டு. நிறைய கப்பல்ல அதோட விட்டுடுவாங்க. அந்த மாதிரி இடத்துல அதே கம்பெனியோட சாதா ரிமோட்டை நீட்டினா சோர்ஸ் மெனு வந்துடும். டிவிக்கு அடியில நடுவுல தடவிப் பாருங்க, சின்னதா ஒரு பட்டன் தட்டுப்படும், சில சமயம் அதுவே போதும். ஆனா மெனுவுக்குள்ளயும் பூட்டியிருந்தா ஒண்ணும் அசையாது. உங்களுது அப்படித்தான் போல.

பின்னாடி மத்திய சர்வர்லேர்ந்து வர்ற டேட்டா வயரைப் பிடுங்கி, டிவியை அணைச்சுப் போட்டா பூட்டு விட்டுடும்னு ஊர்பூரா சொல்றாங்க. சில மாடல்ல விடும்தான். அந்த வயரை நீங்க திருப்பிச் சொருகாம இறங்கிப் போயிட்டா, அடுத்த பயணிக்குப் படமே வராது, எங்களை மாதிரி ஒருத்தன் ஏணியோட வருவான். அதனால நான் அதை யாருக்கும் சொல்லிக் குடுக்கிறதில்ல. இப்ப சொல்லிட்டேன், சரி.

பென் டிரைவ்: யூஎஸ்பி திறந்திருந்தாலும் பல டிவி ஃபேட்32ங்கிற முறையில ஃபார்மேட் பண்ணின டிரைவை மட்டும்தான் படிக்கும். அதுல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலை வைக்க முடியாது. கல்யாண வீடியோவைத் துண்டு துண்டா, எம்பி4 ஃபைலா, படம் எச்.264, ஒலி ஏஏசிங்கிற வகையில மாத்தி வெச்சுக்குங்க.

அண்ணாநகர் அம்மணி

ஐயோ, எங்க கதையைக் கேளுங்க. பார்சிலோனாலேர்ந்து 7 நாள். ரெண்டு வாண்டுங்க. ராத்திரி கார்ட்டூன் ஓடலைன்னா சாப்பாடு இறங்காது. அதனால வீட்டு டிவியில சொருகி நெட்ல படம் பாக்குற ஃபயர் ஸ்டிக்கை உருவி எடுத்துப் பையில போட்டுட்டேன். பெரிய புத்திசாலின்னு நினைப்பு!

எங்க அறை டிவியில சோர்ஸ் பட்டன் இருந்துச்சு. பக்கவாட்டுல எச்டிஎம்ஐ. சொருகினோம், லோகோ வந்துச்சு, கை தட்டினோம். லோகோவோட நின்னு, அணைஞ்சு, மறுபடி லோகோ. அரை மணி நேரம் இதே கூத்து. டிவியோட யூஎஸ்பி துளைலேர்ந்து கரன்ட் பத்தல, அவ்வளவுதான் விஷயம். ஸ்டிக்கோட வந்த அடாப்டரைப் போட்டதும் ஓடிச்சு. மேஜைகிட்ட இருந்ததே ஒரு ஐரோப்பிய பிளக், ஒரு அமெரிக்க பிளக். ஒண்ணு டிவிக்கு, ஒண்ணு வீட்டுக்காரர் போனுக்குன்னு சண்டை.

அடுத்தது வைஃபை. கப்பல் வைஃபைல சேர்ந்ததும் ஒரு பக்கம் திறந்து, அறை எண்ணு, பிறந்த தேதி எல்லாம் கேட்கும். ஃபயர் ஸ்டிக் அந்தப் பக்கத்தைத் திறந்துடும், ரிமோட்டால ஒவ்வொரு எழுத்தாத் தட்டணும். தட்டி முடிச்சா, "உங்கள் பிளானில் ஒரே ஒரு சாதனம்தான், போனை விலக்கவா?"ன்னு கேட்டுச்சு. வீட்டுக்காரர் மூஞ்சியைப் பாக்கணுமே.

அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடிச்சாரு. அவரோட சாம்சங் போன் கப்பல் வைஃபைல இருந்துக்கிட்டே ஹாட்ஸ்பாட்டும் குடுக்குது. ஸ்டிக்கை அந்த ஹாட்ஸ்பாட்ல கட்டிட்டோம். என் ஐபோன்ல அது முடியாது, மொபைல் டேட்டாவைத்தான் பங்கு போடும், வைஃபையை விடாது. போன் அறையில இருந்தாத்தான் கார்ட்டூன். அதனால வீட்டுக்காரர் 4 ராத்திரி அறையை விட்டு வெளியவே வரல. நான் நிம்மதியா மேல் தளத்துல காத்து வாங்கினேன். இதைவிட நல்ல கண்டுபிடிப்பு எனக்குத் தெரியல.

ஒரு எச்சரிக்கை: இதே மாதிரி டிவியில சொருகுற குரோம்காஸ்ட் எடுத்துட்டுப் போய் ஏமாறாதீங்க. போன்லேர்ந்து அனுப்புற பழைய மாடல்ல அந்த லாகின் பக்கமே திறக்காது. எப்படியோ சேத்தாலும் கப்பல் வைஃபைல ஒரு சாதனம் இன்னொண்ணைப் பாக்க விடமாட்டாங்க. எங்க அக்கா பட்ட பாடு இது.

டெக்சாஸ் தாத்தா

கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து கரீபியன் பக்கம் 4 முறை சென்றவன் என்ற முறையில் இரண்டு விஷயம் மட்டும்.

ஒன்று, பிளக் போதவில்லை என்று சர்ஜ் புரொடெக்டர் (மின்னழுத்தம் திடீரென ஏறினால் காக்கும் அமைப்பு) வைத்த எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கொண்டுபோகாதீர்கள். என்னுடையதை ஸ்கேனரிலேயே பிடித்து, சீட்டு ஒட்டி வைத்துக்கொண்டு, இறங்கும் நாளில் கொடுத்தார்கள். அன்று எனக்குக் கோபம். பிறகு படித்தபோதுதான் நியாயம் புரிந்தது. வீட்டு மின்சாரத்தில் ஒரு கம்பிதான் உயிர்க்கம்பி, மற்றது நியூட்ரல். பல கப்பல்களில் இரண்டு கம்பியிலும் மின்னழுத்தம் உண்டு. நம் பெட்டி ஆபத்தில் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும், மற்றதில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பெட்டி சூடாகித் தீப்பிடிக்கலாம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013இல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. நடுக்கடலில் தீ என்றால் ஓட இடம் ஏது? சர்ஜ் இல்லாத சிறிய யூஎஸ்பி சார்ஜர் போதும்.

இரண்டு, ரவுட்டர். கையடக்க டிராவல் ரவுட்டர் ஒன்றை வைத்து வீட்டு வைஃபை மாதிரி எல்லாவற்றையும் இணைக்கலாம் என்று என் மகன் வாங்கிக் கொடுத்தான். கப்பலில் கொண்டுவரக் கூடாதவை என்று நிறுவனம் போடும் தடைப் பட்டியலில் அதுவும் இருந்தது. இப்போது பல நிறுவனங்களின் பட்டியலிலும் இருக்கிறது. பதிவு செய்யும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

இணையம் பற்றி: முன்பெல்லாம் 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளை நம்பி இருந்தோம். ஒரு மின்னஞ்சல் திறப்பதற்குள் காப்பி ஆறிவிடும். 2022 ஆகஸ்டில் ராயல் கரீபியன் தன் கப்பல்களில் ஸ்டார்லிங்க் பொருத்துவதாக அறிவித்தது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். அந்தச் செயற்கைக்கோள்கள் சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுகின்றன. வேகம் வந்துவிட்டது, விலை இறங்கவில்லை.

ஸ்காபரோ பிள்ளை

எங்களுக்குச் சரிவந்தது. போன ஆகஸ்ட் வான்கூவரிலை இருந்து அலாஸ்கா போனனாங்கள். அம்மாவுக்கு ஒரே கவலை, நல்லூர் முருகன்ரை தேர் அந்தக் கிழமைதான். "நான் வரேல்லை, நீங்கள் போங்கோ" எண்டு கடைசி மட்டும் நிண்டவ. ரீவியிலை காட்டுறன் எண்டு சத்தியம் பண்ணிக் கூட்டிக்கொண்டு போனனான்.

யாழ்ப்பாணத்திலை காலமை 7 மணி எண்டால் அலாஸ்காவிலை முதல் நாள் பின்னேரம் 5:30. அதாலை நித்திரை முழிக்கிற வேலை இல்லை. என்ரை ஐபோன் 15. அந்த மொடலிலை இருந்து யூஎஸ்பி-சி துளை எண்டபடியால் ஒரு சின்ன எச்டிஎம்ஐ அடாப்டரும் 2 மீட்டர் வயரும் காணும். எங்கடை ரீவி மடக்குக் கையிலை பொருத்தினது, முன்னுக்கு இழுக்கலாம். ரிமோட்டிலை இன்புட் பட்டனும் இருந்தது. ஒரு நிமிசத்திலை போன் திரை அப்பிடியே ரீவியிலை வந்திட்டுது. வைஃபை போனுக்கு மட்டும் வாங்கினது, ரீவிக்கு வேறை காசு இல்லை.

ஆறுமுகசுவாமி தேரிலை ஏற, அம்மா செருப்பைக் கழட்டிப்போட்டு கட்டிலுக்கும் ரீவிக்கும் இடையிலை கை கூப்பிக்கொண்டு நிண்டா. பக்கத்திலை யன்னலுக்கு வெளியிலை பனிமலை போகுது. அரோகரா எண்டு அவ சத்தமாச் சொல்ல, துவாய் மாத்த வந்த பெடியன் வாசலிலையே நிண்டு, தானும் கை கூப்பினவன். பிலிப்பைன்ஸ் பெடியன். நடுவிலை ரெண்டு தரம் படம் நிண்டது. அம்மா அசையேல்லை, கண்ணை மூடிக்கொண்டு நிண்டா.

அடுத்த நாள் தம்பி சந்தா கட்டிப் பாக்கிற ஆப்பிலை படம் ஒண்டு போட வெளிக்கிட்டான். சத்தம் வருது, திரை கறுப்பு. கொப்பி பண்ணாமல் தடுக்கிற பூட்டு அது. அடாப்டருக்கு அந்தப் பூட்டோடை கதைக்கத் தெரியாட்டில் கறுப்புத்தான். என்ரை மலிவு அடாப்டர். நல்லதா வாங்குங்கோ.

கடலோரம்

ஐபோனை விடுங்க, ஆண்ட்ராய்டுக்காரங்க கவனிங்க. யூஎஸ்பி-சி துளை இருந்தாலே டிவிக்குப் படம் போகும்னு இல்ல. விலை குறைஞ்ச போன்கள்ல அந்தத் துளை சார்ஜுக்கும் ஃபைலுக்கும் மட்டும்தான். 900 ரூபாய் அடாப்டரை வாங்கிக்கிட்டுப் போய் 5 நாள் அதைப் பாத்து முழிச்சவன் நான். கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டு டிவியில போட்டுப் பாருங்க.

அண்ணாநகர் அம்மணி

இறங்குற நாள் டிவிக்குப் பின்னாடி ஒரு தடவை எட்டிப் பாருங்க. எங்க ஸ்டிக் இன்னும் மத்தியதரைக் கடல்ல சுத்திக்கிட்டிருக்கு.

ஈசூன்வாசி

எல்லாருக்கும் நன்றி. ஓட்டல் டிவிக்காரண்ணே, நீங்க சொன்னபடி எங்க டிவி உள்ளயே பூட்டினதுதான். அன்னைக்கு எடுத்த வீடியோவை மறுபடி ஓடவிட்டுப் பாத்தேன், டிவிக்கு அடியில பட்டன் இருக்கு, அன்னைக்கு அழுத்தினதும் ஞாபகம் இருக்கு, ஒண்ணும் அசையல. டிசம்பர்லயும் அதே கப்பல். டிவியோட மல்லுக்கட்டப் போறதில்ல.

கையடக்க புரொஜெக்டர் ஒண்ணு வாங்கிட்டேன், பேட்டரியில ஓடுது. தடைப் பட்டியலைப் படிச்சேன் தாத்தா, அதுல இல்ல. திரைக்குத்தான் யோசனை. கப்பல் அறைச் சுவர் இரும்புத் தகடு, காந்தம் பிடிக்குதுன்னு போன தடவையே பாத்திருந்தேன். வீட்டு ஃபிரிட்ஜ்ல இருந்த பினாங்கு காந்தத்தை வெச்சு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டுப் பழகினோம். கனம் தாங்காம நழுவுது. கொக்கி வெச்ச காந்தம் 6 வாங்கினேன், கெட்டியா நிக்குது.

அப்பா நேத்து அந்த வேட்டியைப் பாத்துட்டு, "இது என் கல்யாண வேட்டி மாதிரியே இருக்கே"ன்னாரு. அதேதாங்கன்னு அம்மா இன்னும் சொல்லல.